தண்ணீர் ஊற்றாத குக்கர்

எங்கள் காம்பவுண்டில் குக்கருக்குப் பயப்படாத பெண்கள் யாருமே கிடையாது. ஆனாலும் என்னளவுக்குப் பயந்தவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். மதுரை வில்லாபுரத்தில் ஒரே இரும்புக் கேட்டுக்குள் எதிரும் புதிருமாக இருந்த வரிசை வீடுகளில் எங்களுடையது கடைசி. எதிர்வீட்டில் ஒரு அத்தை இருந்தார். சொந்த அத்தை இல்லை, காம்பவுண்டு அத்தை. அவர் வீட்டு அடுப்படிக் கூரையில் மஞ்சளாக ஒரு பெரிய கறை உண்டு. நான் பிறப்பதற்கு முன்னால் ஒருநாள் பருப்பு வேகும்போது அவருடைய குக்கர் வெடித்ததாம். மூடி மேலே போய் மோதி, திரும்பி வந்து மிக்சியை உடைத்ததாம். எத்தனையோ முறை வெள்ளையடித்தும் அந்தக் கறை போகவில்லை. காம்பவுண்டுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர் வருகிற நேரத்தைச் சொல்வார்கள், அடுத்ததாகக் கூட்டிப்போய் அந்தக் கறையைக் காட்டுவார்கள்.

என் அம்மா அந்தக் கறையைப் பார்த்துப் பாடம் படித்தவள். குக்கரில் மறக்காமல் தண்ணீர் ஊற்ற வேண்டும், தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைத்தால் அம்புட்டுத்தான், வீடே இருக்காது என்று அவள் ஒருமுறை சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் குக்கரைத் தூக்கும்போதெல்லாம் பின்னாலேயே போய், தண்ணீர் ஊற்றிவிட்டாயா, தண்ணீர் ஊற்றிவிட்டாயா என்று கேட்டுக் கேட்டு அவள் உயிரை வாங்குவேன். ஊற்றியதைக் கண்ணால் பார்த்த பிறகும் எனக்கு நம்பிக்கை வராது. கடைசி விசில் வந்து அடுப்பை அணைக்கும் வரைக்கும் வாசல்படியில்தான் உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை இப்படி நடுங்குகிறதே என்று அப்பா கேலி செய்வார். கேலிக்கெல்லாம் போகிற பயமா அது.

அந்த வருடம் காலாண்டு விடுமுறையில் ஒருநாள், நான் எழுந்து பார்க்கும்போது சித்தி வீட்டில் இருந்தாள். அம்மாவின் தங்கை. மேலூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். கையில் ஒரு கட்டைப்பை மட்டும். அம்மாவும் அவளும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். விடுமுறையில் சித்தி வந்தால் வேறு என்ன வேண்டும்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். சித்தப்பா அவளை அடித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தானாம். முந்தின தடவை அவள் ஒரு தோழி வீட்டுக்குப் போய்விட, அவர் இனிக்க இனிக்கப் பேசிக் கூட்டிக்கொண்டு போய், அதற்குப் பிறகு அவளை வாசலுக்குக்கூட விடவில்லை. அவளுடைய போனைத் தரையில் போட்டு மிதித்துவிட்டார். இந்தத் தடவை திருப்பூரிலிருந்து என் மாமா, அதாவது அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன், ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு முடிவு கட்டுவதாகச் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் அவள் சித்தப்பாவின் கையில் அகப்படக் கூடாது. அகப்பட்டால் மறுபடி வெளியே வருவது நடக்காத காரியம். சித்தப்பா போன் செய்தபோது அம்மா, இங்கே வரவேயில்லையே என்று பதறுவதுபோல் நடித்திருக்கிறாள்.

தீபாவளிக்கு முன்னால் ஜவுளிக்கடையில் லீவு போட முடியாது. அம்மா அங்கே பில் போடுகிற வேலையில் இருந்தாள். அப்பாவுக்குப் பார்சல் ஆபீஸ். ஆகவே பகலெல்லாம் சித்தியும் நானும்தான். கிளம்புவதற்கு முன்னால் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு விஷயம் சொன்னாள். சித்தி வந்திருப்பதை யாரிடமும் சொல்லக் கூடாது. யாரோ வந்து தட்டினால் கதவைத் திறக்கக் கூடாது. அவசரத்துக்கு என்று தன்னுடைய பழைய போனையும் அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். ஏன், எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வார்கள்.

முதல் விஷயத்தை நான் ரொம்பப் பிரமாதமாகக் காப்பாற்றினேன். மளிகைக்கடைக்குப் போனபோது கடைக்காரர் ஒன்றுமே கேட்காமலிருக்க, எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை என்று நானாகவே அறிவித்தேன். குழாயடியில் நின்ற எதிர்வீட்டு அத்தையிடமும் அதையே சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு, சரி தங்கம், யாரும் வரல என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

பீட்சா பேச்சு எப்படி வந்தது என்றால், என் வகுப்புப் பெண் ஒருத்தியின் பிறந்தநாளைப் பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்த பீட்சா கடையில் கொண்டாடினார்கள். எனக்கு அழைப்பு இல்லை. போய்வந்தவர்கள் கையை நீட்டி நீட்டி, சீஸ் எவ்வளவு தூரத்துக்கு இழுபட்டது என்று காட்டியதைப் பார்த்ததிலிருந்து நான் நச்சரிக்க ஆரம்பித்திருந்தேன். அப்பா அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்ட சித்தி, இதுக்கு எதுக்குக் கடைக்குப் போகணும், குட்டிக் குட்டியா நம்ம வீட்டிலேயே சுட்டுருவோம் என்றாள். பழைய போனில் யாரோ ஒரு அக்கா சொல்லிக்கொடுக்கிற வீடியோவை இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். வீட்டில் இருக்கிற சாமான்களே போதும், சீஸ் மட்டும் ஒரு சின்னக் கட்டி வாங்கிவா என்று என்னை அனுப்பினாள்.

மாவு பிசைகிற வரைக்கும் எனக்குக் கொண்டாட்டம்தான். மைதாவில் தயிரும் துளி ஆப்பசோடாவும் போட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்தாள். சப்பாத்தியைவிடக் கொஞ்சம் கனமாகத் தேய்த்தாள். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வட்ட வட்டமாக வெட்டுகிற வேலை எனக்கு. முள்கரண்டியால் குத்தி ஓட்டை போடுகிற வேலையும் எனக்கே. பேக்கரியில் பப்ஸுடன் தருகிற சாஸ் பொட்டலங்களை அம்மா பிரிக்காமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். அதையெல்லாம் பிதுக்கித் தடவினோம். மேலே வெங்காயம், குடைமிளகாய், தக்காளி. சீஸைத் தேங்காய்த்துருவலைப்போலச் சீவித் தூவினாள். சித்தியின் இடது கை சரியாக மடங்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டேன். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றாள். நான் நம்பினேன். மேலூரில் அவர்கள் வீட்டு பாத்ரூம் அப்படி வழுக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் தயாரான பிறகு அவள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெரிய குக்கரை எடுத்தாள்.

அதில் பாதிப் பொட்டலம் கல்லுப்பைக் கொட்டினாள். நடுவில் ஒரு கம்பி வளையத்தை வைத்தாள். மூடியிலிருந்து ரப்பரை உருவினாள். வெயிட்டைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அப்படியே தூக்கி அடுப்பில் வைத்துப் பற்றவைத்தாள். தண்ணீர் ஊற்றவில்லை. ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

தண்ணி என்றேன். மறுபடி சொன்னேன். அவள் சிரித்தாள். இதற்குத் தண்ணீர் தேவையில்லை, உப்பு சூடாகி அந்தச் சூட்டிலேயே பீட்சா வெந்துவிடும், கடையில் இருக்கிற பெரிய அடுப்பு செய்கிற வேலையை நம் குக்கர் செய்யும் என்றாள். வெடித்துவிடும் என்று நான் அழ ஆரம்பித்தேன். அவள் மூடியை என் முகத்துக்கு நேரே பிடித்து, வெயிட் இருந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள்.

“இந்தா பாரு, ஆவி போறதுக்கு வழி இருக்கு. ரப்பரும் இல்ல. எப்புடிடா வெடிக்கும்? சித்தி சொல்றேன்ல, வெடிக்கவே வெடிக்காது.”

என்னால் நம்ப முடியவில்லை. விசில் அடிக்கிற குக்கரைக்கூட ஒருவகையில் நம்பலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று அது அவ்வப்போது சொல்லிவிடும். இதுவோ வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். போதாக்குறைக்கு, சூடு ஏற ஏற உப்பு உள்ளே படபடவென்று பொரிய ஆரம்பித்தது. கல்லுப்பு சூட்டில் அப்படித்தான் பொரியும் என்பது எனக்கு எப்படித் தெரியும். மூடி எந்தப் பக்கம் பறக்கும், ஜன்னல் பக்கமா, சாமி படத்துப் பக்கமா என்று யோசித்துக்கொண்டே பின்வாங்கிப் பின்வாங்கி முன் அறைக்கு வந்துவிட்டேன்.

சித்தியும் நிம்மதியாக இல்லை என்பதைக் கவனித்தேன். வெளியே கேட் கிரீச்சிட்டால் போதும், கையில் இருக்கிற கரண்டியை அப்படியே நிறுத்திவிடுவாள். தெருவில் ஏதாவது வண்டி வேகம் குறைந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பால்காரர், கேபிள்காரர், பக்கத்து வீட்டுப் பையன் என்று தெரிந்த பிறகுதான் மறுபடி அசைவாள். இவளும் குக்கருக்குத்தான் பயப்படுகிறாள், என்னிடம் காட்டிக்கொள்ளாமல் நடிக்கிறாள் என்று நான் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். அது என் பயத்தை இரண்டு மடங்காக்கியது. பெரியவர்களே பயப்படுகிறார்கள் என்றால் விஷயம் எவ்வளவு மோசமாக இருக்க வேண்டும்.

குட்டி பீட்சாக்களை அடுக்கிய தட்டை வளையத்தின் மேல் இறக்கி அவள் மூடியைப் போட்டாள். நான் முன் அறையில் வாசல் கதவோடு ஒட்டிய ஜன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெடித்தால் எப்படி ஓடுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். யாராவது பெரியவர்கள் வந்து அந்த அடுப்பை அணைக்க மாட்டார்களா என்று இருந்தது. அப்பா வரலாம். அம்மா எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வரலாம்.

சித்தப்பா வந்தார்.

சித்தப்பாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எப்போதும் வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, பவுடர் வாசனை. கல்குவாரி லாரிகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தாலும் அவர் மேல் ஒரு தூசி இருக்காது. வரும்போதெல்லாம் எனக்குத் தேன்மிட்டாய் வாங்கி வருவார். குரல் மிருதுவாக இருக்கும். பெண் பார்க்க வந்துபோன அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் மெச்சியது அதைத்தான். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர் என்று சொல்லிச் சொல்லிக் கட்டிக்கொடுத்தார்கள்.

அவர் வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து வந்ததால் சத்தம் கேட்கவில்லை. ஜன்னலில் என்னைப் பார்த்ததும் சிரித்தார். உங்க சித்தி உள்ளே இருக்கிறாளா என்று கேட்டார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். முதல் விஷயத்தில் நான் அவ்வளவு கெட்டி. சரி, சித்தப்பாவுக்குக் குடிக்கத் தண்ணீராவது கொடு என்றார். இரண்டாவது விஷயம் என்ன? யாரோ வந்து தட்டினால் திறக்கக் கூடாது. இவர் யாரோ இல்லையே, சித்தப்பா. அதோடு இவர் தட்டவும் இல்லை. உள்ளே உப்பு பெரிதாக ஒன்று பொரிந்தது.

“சித்தப்பா, குக்கர் வெடிக்கப் போகுது, வந்து அணைங்க” என்று சொல்லிக்கொண்டே நான் தாழ்ப்பாளைத் தள்ளினேன்.

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். தாழ் போடவில்லை. அடுப்படி நிலைப்படியில் சித்தி நின்றுகொண்டிருந்தாள். கையெல்லாம் மாவு. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. தண்ணீர் இல்லாமல் குக்கர் வைத்தது பிடிபட்டுவிட்டது, அதனால்தான் இப்படி விழிக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. நான் உடனே குற்றத்தை விளக்கமாகச் சொன்னேன். ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை சித்தப்பா என்றேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே, உங்க சித்திக்கு எதையுமே ஒழுங்காகச் செய்யத் தெரியாது என்றார்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். அலமாரியில் இருந்த போனை எடுத்து, யாருடையது என்று பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சொல்லாமல் வந்துவிட்டாயே, எம்புட்டு நேரம் தேடுவது என்று ஏதோ காணாமல்போன குடையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். பையை எடு, போவோம் என்றார். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறார், அவர் வந்து பேசட்டும், அதுவரைக்கும் நான் வரமாட்டேன் என்று சித்தி சொன்னாள். அவள் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் எழுந்தார்.

“பாப்பா, டிவியப் போடு. நல்லாச் சத்தமா வையி.”

எனக்கு யாருமே அப்படிச் சொன்னதில்லை. குறை, குறை என்றுதான் சொல்வார்கள். நான் டிவியைப் போட்டுச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனேன். பூனையும் எலியும் துரத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்திலும் வளையல் உடைந்த சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் சித்தியின் இடது கையைப் பிடித்திருந்தார். அந்த மடங்காத கையை. சித்தி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். ஆனால் என்னிடம் பேசும்போதும் அவர் கண் சித்தியின் மேல்தான் இருந்தது.

“என்னடா பாப்பா, வண்டில மேலூருக்குப் போவமா? நீயும் நானும் மட்டும். ஒஞ்சித்தி பின்னால பஸ்ல வரட்டும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியில் ரிங் ரோடு வழியாக மேலூர் வரைக்கும் போகலாம். அதைவிட முக்கியமாக, இந்தக் குக்கரிடமிருந்து தப்பித்துப் போகலாம். போவோம் சித்தப்பா என்று குதித்துக்கொண்டே செருப்பைத் தேடப் போனேன். சித்தியின் குரல் மாறியது. “வேணாம். பிள்ளைய விடுங்க. நானே வாரேன். அடுப்ப அணச்சிட்டு வாரேன்” என்றாள். அவர் கையை விட்டார். அவள் அடுப்படிக்குள் போனாள். அவர் நிலையில் சாய்ந்துகொண்டு வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

நான் வாசல் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கால் மாட்டியாகிவிட்டது. அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது. டிவியையும் மீறிக்கொண்டு வந்தது.

“பாப்பா, குக்கர் வெடிக்கப் போகுது. ஓடு. கத்திக்கிட்டே ஓடு.”

நான் பார்த்த ஒத்திகை எல்லாம் வீண்போகவில்லை. கதவைத் திறந்ததும் தெரியாது, படி தாண்டியதும் தெரியாது. ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுங்காலுமாக கேட் வரைக்கும் ஓடினேன். குக்கர் வெடிக்கப் போகுது, குக்கர் வெடிக்கப் போகுது என்று நான் போட்ட கூச்சல் அவனியாபுரம் வரைக்கும் கேட்டிருக்கும் என்று பிற்பாடு சொன்னார்கள். வேறு காம்பவுண்டாக இருந்தால் என்னவோ ஏதோ என்று கதவைச் சாத்தியிருப்பார்கள். எங்கள் காம்பவுண்டில் அந்த வார்த்தைக்கு இருந்த மரியாதையே வேறு. குழாயடியில் குடங்கள் உருண்டன. இரண்டாவது வீட்டில் இருந்த ரிட்டயர்டு கண்டக்டர் ஈரச்சாக்கோடு ஓடிவந்தார். எல்லோருக்கும் முன்னால் எதிர்வீட்டு அத்தை, தலையில் ஓர் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் பாய்ந்தார். தெருவில் போன ஆட்கள்கூட உள்ளே வந்துவிட்டார்கள்.

நான் உள்ளே போகவில்லை. ஜன்னல் கம்பி வழியாகத்தான் பார்த்தேன். அத்தை நேராகப் போய் அடுப்பைத் திருகி அணைத்தார். ஒன்றும் ஆகவில்லை. அத்தை துணியைப் பிடித்து மூடியைத் தூக்கினார். உள்ளே சின்னச் சின்னதாக, சீஸ் உருகி, ஓரமெல்லாம் சிவந்து போய் எங்கள் பீட்சாக்கள் உட்கார்ந்திருந்தன. வீடு முழுக்க அந்த வாசனை. யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை குனிந்து தரையில் கிடந்த வளையல் துண்டுகளைப் பார்த்தார். சித்தியின் மணிக்கட்டில் ரத்தம் கோடாக இறங்கியிருந்ததைப் பார்த்தார். அதற்குப் பிறகு சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். தலையில் இருந்த சட்டியை இறக்கி மேடையில் வைத்தார்.

சித்தப்பா மிருதுவாகச் சிரித்து, ஒன்றுமில்லை, பிள்ளை பயந்துவிட்டது, நாங்கள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்றார். யாரும் நகரவில்லை. கண்டக்டர் ஈரச்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துச் சித்திக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

“நீங்க கெளம்புங்க தம்பி” என்றார் அத்தை. “வெடிக்கப் போற வீட்ல எதுக்கு நிக்கிறீங்க. அவுக அக்கா வர்ற வரைக்கும் நாங்க இங்கனதேன் இருப்போம்.”

சித்தப்பா எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். சட்டைப்பையில் இருந்த போனை எடுத்து அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தார். என்னைக் கடந்து போகும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. தேன்மிட்டாயும் தரவில்லை. அவர் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் எங்கள் வீட்டில் குக்கரைப் பற்றி மட்டும்தான் பேச்சு. சித்தப்பாவைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. உப்பை எவ்வளவு போட வேண்டும், அடுப்பை எவ்வளவு எரியவிட வேண்டும், ஏன் வெயிட்டைப் போடக் கூடாது என்று அத்தை திரும்பத் திரும்பக் கேட்டார், சித்தியின் மணிக்கட்டில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே கேட்டார். சித்தி அழுதுகொண்டே பதில் சொன்னாள். பீட்சாவை ஆளுக்கொரு துண்டாகப் பிய்த்துத் தின்றார்கள். கண்டக்டர் மென்று பார்த்துவிட்டு, இது நம்ம ஊத்தப்பந்தான், என்ன, கொஞ்சம் இழுக்குது என்றார். அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அம்மா தெருமுனையில் வருவதைப் பார்த்த பிறகுதான் போனார்.

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார், பேசினார், சித்தி திரும்பிப் போகவில்லை. அது சுலபமாக நடக்கவில்லை, ரொம்ப நாள் ஆயிற்று. இப்போது அவள் பழங்காநத்தத்தில் தனியாக ஒரு வீடு எடுத்து, ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னைவிட நன்றாகச் சிரிப்பாள்.

ஆனால் அந்தச் சாயங்காலம் நான் அவள்மேல் பயங்கரக் கோபத்தில் இருந்தேன். காலையெல்லாம் வெடிக்காது, வெடிக்காது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் வெடிக்கப் போகிறது என்று சொன்னாள். ஆனால் அது வெடிக்கவில்லை. காம்பவுண்டுப் பையன்கள் அதற்குள் எனக்குக் குக்கர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்காக எடுத்து வைத்திருந்த பீட்சாவை அவள் நீட்டியபோது நான் தட்டைத் தள்ளிவிட்டேன். ஏன் பொய் சொன்ன என்று கேட்டேன்.

“அப்பத்தான் நீ ஓடுவ” என்றாள்.

என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறாள், அதுவும் அம்மா முன்னால் சொல்கிறாள் என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டு, அதுக்கா இந்த அழுகை, என்னா வேணும் சொல்லு என்றாள். என் பெரிய துக்கத்தை அப்போதுதான் சொன்னேன்.

“சித்தப்பா என்னய மட்டும் வண்டில மேலூருக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. செருப்பெல்லாம் போட்டுட்டேன். சித்தியாலதான் போக முடியல.”

அம்மாவின் கை என் முதுகில் அப்படியே நின்றுவிட்டது. சித்தி சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். அம்மா என்னை இறுக்கிக்கொண்ட இறுக்கலில் எனக்கு மூச்சு முட்டியது. விடும்மா, வலிக்குது என்றேன். அவள் விடவில்லை. வண்டி போய்விட்டதே, இனி சித்தப்பா எப்போது வந்து கூட்டிப்போவார் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.